மரபணு, ஹார்மோன், குழந்தைப்பேறு: நம்ம பக்கம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஈரோடு, கோபி, திருப்பூர், காங்கேயம், பொள்ளாச்சிப் பக்கம் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் நடத்துகிற எங்களைப் போன்றவர்களிடம், பெற்றோரும் பழைய மாணவர்களும் தனியாக வந்து குரலைத் தாழ்த்திக் கேட்கும் கேள்விகள் இவை. கேள்விகளை அவர்கள் பேசிய பேச்சிலேயே வைத்திருக்கிறேன். மருந்து எழுதுவது டாக்டரின் வேலை. உடம்புக்குள் என்ன நடக்கிறது, எந்தப் பரிசோதனையை எதற்காக எடுக்கச் சொல்கிறார்கள் என்பதை மட்டும் இங்கே சொல்கிறேன்.

மரபணு, ஹார்மோன் ரெண்டும் ஒண்ணுதானுங்களா?

இல்லைங்க, வேறு வேறு. மரபணு என்பது அம்மா அப்பாவிடமிருந்து வந்து, நம் செல்களுக்குள் 46 குரோமோசோம்களில் பதிந்திருக்கும் விவரம். கரு உண்டான அன்றைக்கே அது முடிவாகிவிடுகிறது. ஹார்மோன் ரத்தத்தில் ஓடும் ரசாயனம். அது மணிக்கு மணி ஏறி இறங்கும். சாப்பாடு, தூக்கம், எடை, கவலை, காய்ச்சல் எல்லாமே அதை அசைக்கும்.

ஆனால் ஒன்றை விட்டு ஒன்று இயங்காது. ஹார்மோனைத் தயாரிக்க மரபணு வேண்டும். அந்த ஹார்மோன் போய்ச் சேரும் உறுப்பில் அதைப் பிடித்துக்கொள்ள ஒரு புரதம் வேண்டும், அதற்கு ஏற்பி என்று பெயர். ஏற்பியைத் தயாரிக்கவும் மரபணு வேண்டும். ஏற்பி பழுதாக இருந்தால் ஹார்மோன் எவ்வளவு சுரந்தும் பயனில்லை. அதனால்தான் ஒரு கோளாறு என்று போனால், பிரச்சினை மூளைப் பக்கமா, சுரப்பியிலா, ஏற்கும் உறுப்பிலா என்று டாக்டர் தேடுகிறார். பரிசோதனைச் சீட்டில் நாலைந்து ஹார்மோன் பெயர்கள் இருப்பது இதற்காகத்தான்.

மூணும் பொண்ணாப் போச்சுங்க. மருமகளுக்கு ஆம்பளைப் புள்ளை பொறக்காதுங்களா?

இந்தக் கேள்வியை மருமகளிடம் கேட்கவே கூடாது. பெண்ணின் கருமுட்டையில் இருப்பது எக்ஸ் குரோமோசோம்தான். ஆணின் விந்தணுக்களில் பாதி எக்ஸைச் சுமக்கும், பாதி ஒய்யைச் சுமக்கும். ஒய் வந்து சேர்ந்தால் ஆண், எக்ஸ் வந்து சேர்ந்தால் பெண். எது முந்துகிறது என்பது கணவனின் கையிலும் இல்லை. மூன்று பெண் பிறந்த வீட்டில் நாலாவது ஆணாக இருக்கும் வாய்ப்பு, முதல் பிரசவத்தில் இருந்த அதே பாதிக்குப் பாதிதான்.

ஆறாவது வாரம் வரை கருவில் ஆண், பெண் வித்தியாசமே தெரியாது. இரண்டுக்கும் ஒரே மாதிரி இளம் சுரப்பி, அதன் பக்கத்தில் மியூல்லர் குழாய், வொல்ஃப் குழாய் என்று இரண்டு ஜோடிக் குழாய்கள். ஒய் குரோமோசோமில் எஸ்.ஆர்.ஒய் என்று ஒரு மரபணு இருக்கிறது. 1990இல் லண்டனில் கண்டுபிடித்தார்கள். அடுத்த ஆண்டே எக்ஸ்எக்ஸ் சுண்டெலிக் கருவில் அதைச் சேர்த்துப் பார்த்தபோது அது ஆண் சுண்டெலியாக வளர்ந்தது. எஸ்.ஆர்.ஒய் இயங்கினால் சுரப்பி விந்தகமாகிறது. விந்தகம் உடனே இரண்டு ஹார்மோன்களைச் சுரக்க ஆரம்பிக்கிறது. ஏ.எம்.எச் என்னும் ஹார்மோன் மியூல்லர் குழாயைக் கரைத்துவிடுகிறது. டெஸ்டோஸ்டிரோன் வொல்ஃப் குழாயைக் காப்பாற்றி விந்துக் குழாயாக வளர்க்கிறது. இந்த இரண்டும் சுரக்காத கருவில் மியூல்லர் குழாய் கருப்பையாகவும் கருக்குழாய்களாகவும் வளர்கிறது. 1940களில் ஆல்ஃபிரட் யோஸ்ட் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் முயல் கருக்களின் சுரப்பியை எடுத்துவிட்டுப் பார்த்தார். எக்ஸ்எக்ஸ், எக்ஸ்ஒய் என்று பாராமல் எல்லாக் குட்டிக்கும் பெண் உறுப்புகளே அமைந்தன. சினைப்பை சரியாக அமைவதற்கும் தனி மரபணுக்கள் தேவை என்பது பிற்பாடு தெரிந்தது.

வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று கேட்பதும் சொல்வதும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சேலத்தில் 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டத்தை அரசு தொடங்க வேண்டி வந்ததே, அதற்குக் காரணமான பெண் சிசுக்கொலையை நம் பக்கத்து ஆட்கள் மறக்கக் கூடாது.

காங்கேயம் பசு ரெட்டைக் கன்னு போட்டுச்சு, ஒரு காளை, ஒரு கிடேரி. கிடேரி இன்னும் பருவத்துக்கே வரலைங்க. ஏனுங்க?

பெரும்பாலும் வராதுங்க. மாட்டில் இரட்டைக் கரு தங்கினால் இரண்டின் நஞ்சுக்கொடி ரத்தக் குழாய்களும் ஒன்றோடொன்று சேர்ந்துகொள்கின்றன. காளைக் கருவின் விந்தகம் முந்திக்கொண்டு சுரக்கும் ஏ.எம்.எச்சும் டெஸ்டோஸ்டிரோனும் கிடேரிக் கருவின் உடம்புக்குள்ளும் ஓடும். மேலே சொன்னேனே, ஏ.எம்.எச் மியூல்லர் குழாயைக் கரைக்கும் என்று. அதேதான் இங்கேயும் நடக்கிறது. கிடேரியின் கருப்பை வளராமல் நின்றுபோகிறது, சினைப்பையும் கெட்டுப்போகிறது. ஃபிராங்க் லில்லி என்ற அமெரிக்க விலங்கியலாளர் 1916-17இல் இதை விளக்கினார். காளையோடு பிறந்த கிடேரிகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் மலடுதான்.

வெளியே பார்த்தால் மடியும் காம்பும் மற்றக் கன்றுகளைப் போலவே இருக்கும். கால்நடை மருத்துவர் ஒரு மெல்லிய குழாயைப் பிறப்புறுப்புக்குள் மெதுவாக விட்டு அளந்து பார்ப்பார். மற்றக் கிடேரியில் நீளமாகப் போகும் குழாய், இதில் கொஞ்ச தூரத்திலேயே முட்டி நிற்கும். சந்தேகம் இருந்தால் ரத்தத்தில் ஒய் குரோமோசோம் உள்ள செல்கள் தென்படுகின்றனவா என்று பார்ப்பார்கள். கண்ணபுரம் சந்தையில் கிடேரி வாங்குகிறவர்கள் அது இரட்டையில் ஒன்றா என்று கேட்டு வாங்குவது நல்லது.

ஒரு வகுப்பில் இதைச் சொன்னதும் ஒரு பெண் எழுந்து, "நானும் தம்பியும் ரெட்டைங்க டீச்சர்" என்றாள். பயப்பட ஒன்றுமில்லை. மனிதரில் ஆணும் பெண்ணுமாக வரும் இரட்டையரின் ரத்த ஓட்டம் பொதுவாக இப்படிச் சேர்வதில்லை.

பொண்ணுக்குப் 16 வயசு. நல்லாத்தான் வளர்ந்திருக்கா, ஆனா இன்னும் வயசுக்கு வரலைங்க. திரட்டி சீர் எப்பன்னு சொந்தக்காரங்க கேட்டுட்டே இருக்காங்க.

சீரைப் பற்றி யோசிப்பதை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். 13 வயதுக்குள் மார்பு வளர்ச்சியே தொடங்காவிட்டாலும், 15 வயதாகியும் முதல் மாதவிலக்கு வராவிட்டாலும் பார்த்தே ஆக வேண்டும்.

எந்த வளர்ச்சி வந்திருக்கிறது, எது வரவில்லை என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. குட்டையாக இருந்து மார்பும் வளரவில்லை என்றால், ஒரே ஒரு எக்ஸ் குரோமோசோமுடன் பிறக்கும் டர்னர் நிலையாக இருக்கலாம். ஏறத்தாழ 2,000 முதல் 2,500 பெண் குழந்தைகளில் ஒருவருக்கு இது உண்டு. இவர்களுக்குச் சினைப்பை சீக்கிரமே ஓய்ந்துவிடும். மார்பு வளர்ந்து, மாதாமாதம் அடிவயிறு மட்டும் வலித்து, ரத்தம் வரவில்லை என்றால் பாதையில் சவ்வு அடைத்திருக்கலாம். சின்ன அறுவையில் சரியாகிவிடும். மார்பு வளர்ந்தும் ஸ்கேனில் கருப்பை இல்லை என்றால் இரண்டு சாத்தியங்கள். ஒன்று, எக்ஸ்எக்ஸ் பெண்ணுக்குக் கருப்பை மட்டும் அமையாமல் போவது. இன்னொன்று, குரோமோசோம் எக்ஸ்ஒய், உள்ளே விந்தகம் இருக்கிறது, டெஸ்டோஸ்டிரோனும் சுரக்கிறது, ஆனால் அதை ஏற்கும் ஏற்பியின் மரபணு பழுது. அந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் தாய்வழியாக வரலாம். டெஸ்டோஸ்டிரோனை உடம்பு கண்டுகொள்ளாததால் வெளி உறுப்பு பெண்ணுக்கு உள்ளதுபோலவே அமைகிறது. விந்தகம் சுரந்த ஏ.எம்.எச் மட்டும் தன் வேலையைச் செய்து கருப்பையை இல்லாமல் ஆக்கிவிடுகிறது.

அவள் பெண்ணாகவே வளர்ந்தவள், பெண்தான். அறிக்கையில் எக்ஸ்ஒய் என்று இருப்பதைப் பார்த்து வீட்டில் யாரும் அவளை வேறு மாதிரி பார்க்கக் கூடாது. பிறக்கும்போதே உறுப்பு தெளிவில்லாமல் இருக்கும் குழந்தைகளும் உண்டு. அவர்களுக்கு அவசரமில்லாத அறுவை செய்யக் கூடாது என்று 2019இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தீர்ப்பளித்தது. தமிழக அரசும் அதே ஆண்டு தடை ஆணை போட்டது. குழந்தை வளர்ந்து தானே முடிவு செய்யட்டும் என்பதுதான் அதன் சாரம்.

ஒம்பது வயசுலயே வயசுக்கு வந்துடறாங்க. பிராய்லர் கோழியாலதானுங்களா?

பல்லடமும் நாமக்கல்லும் நம் பக்கமாக இருப்பதால் இந்தக் கேள்வி வராத நாளில்லை.

பிராய்லர் 40 நாளில் இரண்டு கிலோ வருவதைப் பார்த்து, ஊசி போடுகிறார்கள் என்று நினைக்கிறோம். வேகமாக வளரும் கோழிகளையே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து இனம் சேர்த்ததும், மக்காச்சோளமும் சோயாவும் கலந்த தீவனமும்தான் அந்த எடைக்குக் காரணம். வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம். தீவனத்தில் கலந்தால் கோழியின் வயிற்றிலேயே செரித்துவிடும். பலன் வேண்டுமானால் ஒவ்வொரு கோழிக்கும் திரும்பத் திரும்ப ஊசி போட வேண்டும். ஐயாயிரம் கோழி உள்ள ஷெட்டில் அது யாருக்குக் கட்டுபடியாகும்? கோழிப்பண்ணை விஷயத்தில் கவலைப்பட வேண்டியது ஆன்டிபயாட்டிக் மருந்துகளைப் பற்றித்தான். கொலிஸ்டின் என்ற மருந்தைக் கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் கொடுக்க 2019இல் மத்திய அரசு தடை போட்டது.

அப்புறம், பருவம் எப்படித் தொடங்குகிறது? மூளையின் அடியில் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி, ஜி.என்.ஆர்.எச் என்ற ஹார்மோனை விட்டுவிட்டு வெளியிடும்போதுதான். சிறுவயதில் அதை அடக்கி வைப்பதில் எம்.கே.ஆர்.என்.3 என்ற மரபணுவுக்குப் பங்கு உண்டு என்று 2013இல் தெரிந்தது. இதில் விசேஷம், அப்பாவிடமிருந்து வந்த பிரதி மட்டுமே வேலை செய்கிறது. அது பழுதானால் பருவம் முந்திவிடும். ஆகவே பெண் சீக்கிரம் பெரியவளானால் அம்மாவை மட்டும் கேட்டால் போதாது, அப்பா வீட்டு வழியையும் கேட்க வேண்டும். கொழுப்புச் செல்கள் சுரக்கும் லெப்டின் ஹார்மோன் இன்னொரு காரணம். உடம்பில் கொழுப்பு சேர்ந்திருப்பதை அது மூளைக்குச் சொல்கிறது. விளையாட்டு குறைந்து, பேக்கரிப் பண்டம் கூடி, எடை ஏறிய குழந்தைக்குப் பருவம் முந்துவது இப்படித்தான்.

பெண்ணுக்கு 8 முதல் 13 வயதுக்குள்ளும், பையனுக்கு 9 முதல் 14 வயதுக்குள்ளும் பருவ மாற்றம் தொடங்குவது இயல்பு. 8 வயதுக்கு முன் பெண்ணுக்கோ, 9 வயதுக்கு முன் பையனுக்கோ தொடங்கினால் தாமதிக்காமல் காட்டுங்கள். எலும்பு சீக்கிரம் முற்றி உயரம் நின்றுவிடும் என்பதே முக்கியக் கவலை. நிறுத்தி வைக்க ஊசி இருக்கிறது.

மில்லுல நைட் ஷிப்டு சேர்ந்ததுக்கப்புறம் மூணு மாசமாத் தள்ளிப்போச்சு. கல்யாணம் ஆகாத பொண்ணுங்க, வெளியே சொல்ல முடியலை.

ஹைப்போதலாமஸ் ஜி.என்.ஆர்.எச்சை மாதத்தின் முதல் பாதியில் ஏறத்தாழ ஒன்று, ஒன்றரை மணிக்கு ஒரு தடவை வெளியிடும். அது பிட்யூட்டரிச் சுரப்பியைத் தட்டி எஃப்.எஸ்.எச், எல்.எச் என்ற இரண்டையும் சுரக்க வைக்கும். எஃப்.எஸ்.எச் சினைப்பையில் முட்டைப் பைகளை வளர்க்கும், அவை ஈஸ்ட்ரோஜன் சுரந்து கருப்பை உள்சுவரைத் தடிப்பாக்கும். ஈஸ்ட்ரோஜன் உச்சிக்குப் போனதும் எல்.எச் திடுமென எகிறி, ஒன்றரை நாளில் முட்டை வெளிவரும். முட்டை வெளிவந்த பையிலிருந்து புரோஜெஸ்டிரான் சுரக்கும். கரு தங்காவிட்டால் பதினாலு நாள் சுமாருக்கு அது இறங்கும், மாதவிலக்கு வரும்.

இதெல்லாம் நடக்க ஜி.என்.ஆர்.எச் விட்டுவிட்டு வந்தாக வேண்டும். 1970களில் எர்ன்ஸ்ட் நோபில் என்ற ஆய்வாளர் குரங்குகளில் காட்டியது இதுதான்: மணிக்கு ஒரு தடவை கொடுத்தால் சுரப்பி வேலை செய்தது, இடைவிடாமல் கொடுத்தால் நின்றுபோனது. கீழ்பவானி வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விட்டால் பயிர் தழைக்கும், நாளெல்லாம் தேங்கி நின்றால் வேர் அழுகும் என்பது நம் விவசாயிகளுக்குத் தெரியும். மேலே சொன்ன, பருவத்தை நிறுத்தும் ஊசியும் இந்த வழியில்தான் வேலை செய்கிறது.

தூக்கம் கெட்டு, நேரத்துக்குச் சாப்பிடாமல், எடை இறங்கி, மனசும் நெருக்கடியில் இருந்தால் மூளை இந்த விட்டுவிட்டு வரும் சுரப்பைத் தாமதப்படுத்தும். சாப்பாடும் தூக்கமும் சரியானால் பெரும்பாலும் திரும்பி வரும். ஆனால் மூன்று மாதம் தள்ளிப்போனால் தைராய்டு, புரோலாக்டின் (பால் சுரக்க வைக்கும் ஹார்மோன்) பரிசோதனைகளாவது எடுக்க வேண்டும். வீட்டுப் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை: பொண்ணு தள்ளிப்போச்சு என்று வந்து சொன்னால் முதலில் சந்தேகப்படாதீர்கள். அந்தப் பயத்தாலேயே பல பெண்கள் ஒரு வருஷம் வரை மறைத்து வைக்கிறார்கள்.

நீர்க்கட்டின்னு ஸ்கேன்ல வந்திருக்கு. கட்டியை எடுத்துட்டாச் சரியாயிடுங்களா?

எடுப்பதற்கு அங்கே கட்டி எதுவும் இல்லைங்க. அவை பாதி வளர்ந்து நின்றுவிட்ட முட்டைப் பைகள், ஒவ்வொன்றும் சில மில்லிமீட்டர்தான். ஸ்கேன் படத்தில் சினைப்பையின் ஓரத்தில் கருப்புப் புள்ளிகள் வரிசையாகத் தெரியும். அந்தப் படத்தை மட்டும் வைத்து முடிவு சொல்லக் கூடாது. 2003இல் ராட்டர்டாமில் வகுத்த அளவுகோலின்படி, மாதவிலக்கு ஒழுங்கில்லாமை, ஆண் ஹார்மோன் மிகை (முகத்தில் முடி, தீராத பரு, ரத்தத்தில் அளவு கூடுதல்), ஸ்கேன் தோற்றம் என்ற மூன்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும்.

இது ஒரே மரபணுவின் வேலை கிடையாது. பல மரபணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து வாய்ப்பைக் கூட்டுகின்றன. அம்மாவுக்கோ அக்காவுக்கோ இருந்தால் பெண்ணுக்கும் வர வாய்ப்பு அதிகம். நடுவில் இருப்பது இன்சுலின். உடம்பு இன்சுலினுக்குச் சரியாகப் பணியாதபோது கணையம் இன்னும் இன்னும் சுரக்கிறது. அதிக இன்சுலின் சினைப்பையைத் தூண்டி டெஸ்டோஸ்டிரோனைக் கூட்டுகிறது, முட்டைப் பை பாதியில் நிற்கிறது. கழுத்துப் பின்புறம் கறுத்துத் தடிப்பாவதும் இதன் அடையாளம்தான். அழுக்கு என்று நினைத்துத் தேய்த்துத் தேய்த்துக் குளிக்க வைக்கும் அம்மாக்களிடம் இதை நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

எடை கூடுதலாக இருந்தால், அதில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து பங்கு குறைந்தாலே பலருக்கு மாதவிலக்கு ஒழுங்காகிறது. எழுபது கிலோ என்றால் மூன்றரை முதல் ஏழு கிலோ. பட்டினி வேண்டாம். மூன்று வேளையும் அரிசியாக இருப்பதைக் குறைத்து, கொள்ளு, பச்சைப்பயறு, கீரை, முட்டையைக் கூட்டி, சாயங்காலம் டீயோடு போகும் பஃப்ஸையும் தேங்காய் பன்னையும் நிறுத்தி, தினமும் வேர்க்க நடந்தால் நல்லது. ஒல்லியாக இருப்பவர்களுக்கும் இது வரும் என்பதையும் மறக்க வேண்டாம். மாதக்கணக்கில் மாதவிலக்கு வராமல் விடுவது கருப்பை உள்சுவருக்கு நல்லதல்ல, அதற்கு மருந்து தேவைப்படும். அம்முச்சிக்கு (அம்மாவின் அம்மாவுக்கு) சர்க்கரை இருந்தால் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். குழந்தை பிறக்காதோ என்று பயப்பட வேண்டியதில்லை. முட்டை வெளிவரச் செய்யும் மாத்திரைகளாலேயே நிறையப் பேர் கருத்தரிக்கிறார்கள்.

கல்யாணமாகி ரெண்டு வருஷம். மருமகளை மூணு ஆஸ்பத்திரி காட்டியாச்சு. பையனும் பார்க்கணுங்களா?

பையனைத்தான் முதலில் பார்த்திருக்க வேண்டும். குழந்தை தள்ளிப்போகும் தம்பதிகளில் ஏறத்தாழ பாதிப்பேரிடம் ஆண் பக்கமும் காரணம் இருக்கிறது. பெண்ணுக்கு ஸ்கேன், ரத்தம், குழாய்ப் பரிசோதனை என்று வலியோடு போகிறது. ஆணுக்கு விந்து வெளியேறாமல் மூன்று நாலு நாள் இடைவெளி விட்டு ஒரு விந்துப் பரிசோதனை, அவ்வளவுதான். செலவும் குறைவு. அந்த ஒரு பரிசோதனைக்கு மகனை அனுப்பக் கூச்சப்பட்டு, மருமகளை வருஷக்கணக்கில் கோயில் கோயிலாகவும் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகவும் அலைய விடுவது பெரிய அநியாயம். இதை மட்டும் எங்கே வேண்டுமானாலும் சத்தமாகச் சொல்வேன்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டின்படி ஒரு மில்லிலிட்டருக்கு 1.6 கோடி விந்தணு என்பது கீழ்எல்லை. ஒரு தடவை குறைந்தால் பதறக் கூடாது. விந்தணு உருவாகி முதிர்ந்து வெளியே வர ஏறத்தாழ இரண்டரை மாதம் ஆகும். போன மாதம் வந்த கடும் காய்ச்சல் இந்த மாத அறிக்கையில் தெரியும். விந்தகம் உடம்பைவிட இரண்டு மூன்று டிகிரி குளிர்ச்சியாக இருந்தால்தான் வேலை செய்யும். சாயப்பட்டறை பாய்லர், பேக்கரி அடுப்பு முன்னால் மணிக்கணக்கில் நிற்பவர்கள் அதை டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

இப்போது புதிதாக ஒன்று வந்திருக்கிறது: உடம்பு ஏற ஜிம்மில் போட்டுக்கொள்ளும் டெஸ்டோஸ்டிரோன் ஊசி. ஆண் ஹார்மோன்தானே, ஆண்மை கூடும் என்று தம்பிகள் நினைக்கிறார்கள். நடப்பது நேர் எதிர். வெளியிலிருந்து வந்து ரத்தத்தில் நிறைந்ததும், போதும் என்று மூளை எல்.எச், எஃப்.எஸ்.எச் இரண்டையும் நிறுத்திவிடும். விந்தணு உருவாக விந்தகத்துக்குள் ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு டெஸ்டோஸ்டிரோன் வேண்டும், அதை விந்தகமே சுரக்க வேண்டும். எல்.எச் நின்றால் அது நிற்கும், விந்தணு குறைந்து பூஜ்யத்துக்கே போகலாம், விந்தகமும் சுருங்கும். ஊசியை நிறுத்திய பிறகு மீள மாதங்கள் ஆகும், சிலருக்கு வருஷத்துக்கு மேலும் ஆகும். தைரியமாக டாக்டரிடம் உண்மையைச் சொல்லுங்கள்.

விந்தணுவே இல்லை என்று வந்தால் மரபணுப் பரிசோதனை உண்டு. 47 குரோமோசோம்கள், அதாவது எக்ஸ்எக்ஸ்ஒய், இருக்கும் க்ளைன்ஃபெல்டர் நிலை ஏறத்தாழ 600 ஆண்களில் ஒருவருக்கு இருக்கிறது. பலருக்கு அது தெரியாமலே காலம் போகிறது. சிலருக்கு ஒய் குரோமோசோமில் ஒரு துண்டு விட்டுப்போயிருக்கும். அப்படிப்பட்டவருக்கு ஆய்வக முறையில் மகன் பிறந்தால் அவனுக்கும் அது போகும் என்பதை முன்பே பேசிக்கொள்ள வேண்டும்.

வேற வேற கூட்டந்தானுங்க, மாமன் மகளைக் கட்டினாத் தப்புங்களா?

கூட்டம் என்பது நம் பக்கத்தில் குலப் பிரிவு. ஒரே கூட்டத்தார் பங்காளிகள், கட்டக் கூடாது என்பது அப்பா வழியை மட்டும் பார்க்கும் கணக்கு. ஒய் குரோமோசோம் போகும் வழியும் அதுவே. ஆனால் மீதிக் குரோமோசோம்கள் அம்மா வழியிலும் வருகின்றன. மாமன் மகளும் அத்தை மகனும் வேறு கூட்டமாக இருந்தாலும் மரபணுக்களில் சராசரியாக எட்டில் ஒரு பங்கு பொது. அக்கா மகளைக் கட்டினால் நாலில் ஒரு பங்கு.

பழுதான மரபணு ஒரு பிரதி மட்டும் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. கணவன், மனைவி இருவரிடமும் அதே பழுது இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் நாலில் ஒரு வாய்ப்பு. அட்ரீனல் சுரப்பியில் 21-ஹைட்ராக்சிலேஸ் என்ற நொதி குறையும் நோய் இந்த வகை. பெண் குழந்தையின் வெளி உறுப்பு ஆண் உறுப்புபோலத் தோன்றும், ஆண் குழந்தையில் எதுவுமே தெரியாது. இரண்டாவது வாரத்தில் வாந்தி, எடை குறைவு, சோர்வு என்று ஆரம்பித்து உப்புச் சத்து இறங்கி உயிருக்கே ஆபத்தாகும். முந்தைய குழந்தை இப்படி இறந்திருந்தால் அடுத்த பிரசவத்துக்கு முன்பே சொல்லுங்கள். ஒரு ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்து, மாத்திரையால் காப்பாற்றலாம். சொந்தத்தில் கட்டிய எல்லோருக்கும் குறையோடு குழந்தை பிறக்காது. வாய்ப்பு கூடுகிறது என்பதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

35 வயசுலயே தூரம் நின்னுடுச்சுங்க. அம்மாவுக்கும் இப்படித்தான்.

பெண் குழந்தை பிறக்கும்போதே பத்து இருபது லட்சம் முட்டைகளோடு பிறக்கிறது. பருவமடையும்போது மூன்று நாலு லட்சம் மிச்சம், வாழ்நாளில் வெளிவருவது நானூறு, ஐந்நூறுதான். அந்தக் கையிருப்பு எவ்வளவு வேகத்தில் கரையும் என்பதில் பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு. மேலே சொன்ன ஏ.எம்.எச்சைப் பெண்ணின் சினைப்பையில் உள்ள முட்டைப் பைகளும் சுரக்கும். அதனால் ஏ.எம்.எச் பரிசோதனை காட்டுவது இந்தக் கையிருப்பைத்தான். எண்ணிக்கையை அது சொல்லும், முட்டையின் தரத்தைச் சொல்லாது. அதனால் அந்த ஒரு எண்ணை வைத்து உடனே பெரிய சிகிச்சைக்கு அவசரப்படுத்தினால், இன்னொரு டாக்டரிடமும் கேளுங்கள்.

40க்கு முன் மாதவிலக்கு நிற்பது நூறு பெண்களில் ஏறத்தாழ ஒருவர் முதல் நாலு பேர் வரைக்கும் நடக்கிறது. எஃப்.எஸ்.எச் அளவு, குரோமோசோம், எக்ஸில் உள்ள எஃப்.எம்.ஆர்.1 மரபணு ஆகியவற்றைப் பார்ப்பார்கள். நின்றது நல்லதுதான், தொல்லை விட்டது என்று இருந்துவிடாதீர்கள். ஈஸ்ட்ரோஜன் இல்லாமல் எலும்பு சீக்கிரம் தேயும், இதயமும் பாதிக்கும். இயல்பாக நிற்கும் வயது வரை ஹார்மோன் மாத்திரை எடுக்கச் சொல்வது அதற்காகத்தான். தங்கச்சிகளுக்குக் கல்யாணம் ஆகியிருந்தால், குழந்தைப்பேற்றை ரொம்பத் தள்ளிப்போட வேண்டாம் என்று அவர்களிடமும் இதைச் சொல்லிவிடுங்கள்.